ஜார்ஜ்டவுனில் நாலு நாள்: அம்மா, பத்து வயது மகள், தைப்பூசம்

வைகைக்கரை (மதுரை)
எல்லாருக்கும் வணக்கம். 2026 தைப்பூசத்தை ஒட்டி மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு, ஜார்ஜ்டவுனுக்குப் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் அரைமணி நடப்பார், படி என்றால் வலி வந்துவிடும். ஜனவரி 29 இரவு போய்ச் சேர்கிறோம், பிப்ரவரி 3 காலை கிளம்புகிறோம். கையில் முழுதாக நாலு நாள்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் 17 இடங்களைப் போட்டு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். முதல் நாளே கொடிமலை (பினாங்கு ஹில்), கேக் லோக் சி பௌத்தக் கோவில், பாம்புக் கோவில், வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, கடற்கரை. படிக்கும்போதே எனக்குக் கால் வலிக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது? அம்மா தைப்பூச விரதம், அதனால் சைவம் மட்டும். அவருக்கு ஒரே ஒரு ஆசை, தண்ணீர்மலை முருகனைப் பார்க்கணும்.

சோற்றுக்கட்சி (கோவை)
மூன்று தடவை போய் வந்தவன் சொல்கிறேன். அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். பாம்புக் கோவில் பாயான் லெப்பாஸில், விமான நிலையத்துப் பக்கம். வண்ணத்துப்பூச்சிப் பண்ணை தெலுக் பஹாங்கில், தீவின் வடமேற்கு மூலை. இரண்டையும் ஒரே நாளில் போட்டவர் வரைபடத்தைப் பார்க்காமல் போட்டிருக்கிறார்.

பழைய ஊருக்குள் தங்குங்கள், அதுதான் முக்கியம். பாரம்பரியப் பகுதி மொத்தமே சுமார் 109 ஹெக்டேர். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்த இடம். கோவில், பள்ளிவாசல், சீனர் குலமண்டபம், கடல், சாப்பாடு எல்லாம் அதற்குள் நடை தூரத்தில். அம்மா களைத்தால் அறைக்குத் திரும்பப் பத்து நிமிடம். கடற்கரை விடுதி எடுத்தால் தினம் போக வர பஸ்ஸிலேயே பொழுது போய்விடும்.

தஞ்சோங்காரி (பினாங்கு)
வணக்கம் அண்ணா. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். (எங்க ஊர்ப் பழையவங்க ஜார்ஜ்டவுன்னு சொல்ல மாட்டாங்க, தஞ்சோங்னுதான் சொல்வாங்க. அதான் இந்தப் பேர்.)

முதல்ல அறை. இன்னும் போடலைன்னா இன்னைக்கே போடுங்க. தைப்பூசத்துக்குப் பினாங்கில் பொது விடுமுறை, இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வேற. கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூரிலிருந்தெல்லாம் சனம் வந்து இறங்கும்.

அடுத்து தண்ணீர்மலை. மேலே பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. தைப்பூசத்தன்னைக்கு அந்தக் கூட்டத்தில் அம்மாவை ஏத்த நினைக்காதீங்க. நிக்கவும் இடம் இருக்காது, திரும்பி இறங்கவும் முடியாது. ஆனா மனசு விட வேண்டாம். முந்தின நாள், ஜனவரி 31, முருகனே ஊருக்குள்ள வருவார். பினாங்கு ஸ்திரீட் செட்டியார் கோவில் வீட்டிலிருந்து விடியக்காலையில் வெள்ளி ரதம் கிளம்பும். அது நாள் பூரா ஊர்ந்து ஊர்ந்து தண்ணீர்மலை ரோட்டில் இருக்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகும். 2017லிருந்து குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் கிளம்புது, அதில் வேல் போகும். நீங்க பழைய ஊரில் தங்கினா ரெண்டும் உங்க வாசலுக்குப் பக்கத்திலேயே புறப்படும். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி மட்டும் வாங்கிக் கொடுங்க, போதும்.

காலுக்கு மூடின செருப்பு அவசியம். ரதம் வர்ற வழியெல்லாம் தேங்காய் உடைப்பாங்க. குவியல் குவியலா உடைப்பாங்க, சீனக் குடும்பங்களும் வேண்டிக்கிட்டு வந்து உடைப்பாங்க. ரோடே இளநீரில் வழுக்கும், சில்லு தெறிக்கும். பிள்ளையைக் கொஞ்சம் பின்னால நிறுத்துங்க.

வைகைக்கரை
ரொம்ப நன்றி சகோதரி. ரதம் வாசலுக்கு வரும் என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது. அறை இன்றைக்கே போட்டுவிடுகிறேன். கொடிமலை, கேக் லோக் சி இரண்டும் அம்மாவோடு முடியுமா?

பட்டர்வர்த்_தம்பி (பட்டர்வர்த்)
கொடிமலை தாராளமா முடியும் அண்ணா. மேலே போறது கயிறு இழுக்கும் ரயில், 1923லிருந்து ஓடுது, 2011ல புதுப் பெட்டி போட்டாங்க. உட்கார்ந்தபடியே மேலே போயிடலாம். வெள்ளிக்கிழமை காலையில முதல் வேலையா போயிடுங்க. சனி ஞாயிறு வரிசை தாங்காது. மேலே ஒரு முருகன் கோவில், பக்கத்திலேயே பள்ளிவாசல். கீழே இருக்கிற வெக்கைக்கு மேல இருக்கிற காத்து அம்மாவுக்குப் பிடிக்கும், ஒரு துண்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும். பஸ் எண் 204, ஊர் நடுவுல இருக்கிற கோம்தார் கட்டடத்திலிருந்து நேரா அடிவாரம். நாலு பேருன்னா கிராப் டாக்சி போட்டுக்கலாம்.

கேக் லோக் சி அதே வழியில் ஆயர் ஈத்தாமில. அங்கே படி நிறைய. ஆனா 30.2 மீட்டர் குவான் யின் (கருணைத் தெய்வம்) வெண்கலச் சிலை வரைக்கும் சாய்வு மின்தூக்கி இருக்கு. ஏழடுக்குக் கோபுரத்துக்குள்ள ஏற வேண்டாம், வெளியே நின்னு பார்த்தாலே போதும். அடித்தளம் சீன பாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா. ஒரே கோபுரத்தில் மூணையும் பிள்ளைக்குக் காட்டுங்க. விளக்கு அலங்காரம் சீனப் புத்தாண்டை ஒட்டித்தான், அது பிப்ரவரி 17. நீங்க வர்றப்போ இருக்காது.

இலைக்காம்பு (திருச்சி)
சைவத்துக்கு நான் சொல்கிறேன், என் அனுபவம் அப்படி. போன தடவை பொது உணவுக்கூடம் ஒன்றில் "காய்கறி மட்டும்" என்று கேட்டு வாங்கிய கீரையில் இறால் விழுது. பெலாச்சான் என்பார்கள். சமைப்பவருக்கு அது மசாலா, நமக்கு அசைவம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, "பெலாச்சான் வேண்டாம்" என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

லிட்டல் இந்தியாவில், பினாங்கு ஸ்திரீட் சுற்றுவட்டாரத்தில், வாழை இலைச் சாப்பாடு, இட்லி, தோசை எல்லாம் கிடைக்கும். அம்மாவுக்குப் பிரச்சினையே இல்லை. அதைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். சீனர்களின் சைவக் கடைகளை விட்டுவிடாதீர்கள். பௌத்த சைவம். சோயாவிலும் காளானிலும் கோதுமைப் பசையிலும் அவர்கள் செய்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் என்பதால் அந்த நாட்களில் கூட்டமும் வகையும் அதிகம். இந்த வருடம் தைப்பூசத்துக்கு அடுத்த நாளே அந்தப் பதினைந்தாம் நாள் வருகிறது. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகளும் உண்டு, அம்மா தயங்காமல் சாப்பிடலாம்.

சோற்றுக்கட்சி
சைவம் ஆயிற்று. அண்ணனும் அண்ணியும் அசைவமா? என்றால் எனக்கு நாலு பத்தி எழுத அனுமதி வேண்டும்.

நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. தடிக்கு மலாயில் கண்டார், சோற்றுக்கு நாசி. பெயரே அதன் வரலாறு. கேம்பல் ஸ்திரீட் ஹமீதியா 1907இலிருந்து இருக்கிறது. சோற்றின்மேல் ஒரே குழம்பை ஊற்றி நிறுத்துவது அங்கே வழக்கமில்லை. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கணவாய்க் குழம்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி. "பஞ்சிர்" என்று சொன்னால் வெள்ளமாக ஊற்றுவார்கள். நம் ஊர் ஆள் முதலில் "ஐயோ, கலக்குகிறாரே" என்று பதறுவார். மூன்றாவது கவளத்தில் புரியும். தனித்தனியாக எந்தக் குழம்புக்கும் இல்லாத ருசி அது. ராமநாதபுரம் பக்கத்துக் கைவாசம் அதில் இருக்கிறது, ஆனால் அந்தச் சாப்பாட்டை ராமநாதபுரத்தில் தேடினால் கிடைக்காது.

அசாம் லக்சா. அசாம் என்றால் புளி. வேகவைத்து உதிர்த்த மீன், புளிக் குழம்பு, தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, இஞ்சிப் பூ, கறுப்பு இறால் பாகு. தேங்காய்ப்பால் கிடையாது. புளிக்குழம்பில் வளர்ந்த நமக்கு முதல் வாயிலேயே சொந்தமாகிவிடும்.

சார் குவே தியாவ் நெருப்பில் புரட்டும் தட்டை நூடுல்ஸ், சிப்பி போட்டது. சில சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள். வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செண்டோல் மட்டும் நாலு பேரும் சாப்பிடலாம். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் 1936இலிருந்து விற்கிறார்கள். தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை நிற அரிசிமாவுத் துண்டு, சிவப்புப் பயறு, துருவிய ஐஸ். மதியம் இரண்டு மணி வெயிலில் அந்தச் சந்தில் நின்று குடிக்க வேண்டும்.

பழைய_வாத்தியார் (ஈப்போ)
நண்பர்கள் சாப்பாட்டைச் சொல்லிவிட்டார்கள். தெருவை நான் சொல்கிறேன். 31 வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், ஆண்டுக்கு ஒரு தடவை மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தவன். அம்மாவால் அரைமணி நடக்க முடியும் என்றீர்கள். அந்த அரைமணியை இப்படிச் செலவிடுங்கள்.

குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலில் தொடங்குங்கள். 1833இல் எழுந்த கோவில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். வெளியே வந்து சூலியா ஸ்திரீட் பக்கம் நடந்தால் கிங் ஸ்திரீட் முனையில் சின்னதாக ஒரு தர்கா. நாகூர் ஆண்டவர் பெயரில், 1800களின் தொடக்கத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கடலோடிகள் கட்டியது. நாகூரில் அடங்கியவருக்கு இங்கே ஒரு நினைவிடம். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சுற்றுலாக்காரர்கள் பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள், எனக்கு அது தீராத வருத்தம். தயவுசெய்து நின்று பாருங்கள்.

அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் முன்னின்று நிறுவியது. கெலிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள், அக்காலத்தில் தென்னிந்தியர் எல்லாருக்கும் பொதுப்பெயர். இன்று யாரையும் பார்த்து அப்படிச் சொன்னால் வசை. இந்தப் பெயரில் மட்டும் பழைய பொருளோடு நிற்கிறது. அதே சாலையில் குவான் யின் சீனக் கோவில், இன்னும் மேலே போனால் 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம். ஒரு சாலையில் இத்தனையும்.

மார்க்கெட் ஸ்திரீட்டைப் பழைய தமிழர்கள் கடைத் தெரு என்றே சொல்வார்கள். பிள்ளைக்கு அங்கே ஒன்று காட்டுங்கள். பெயர்ப்பலகையில் மலாயில் "கெடாய்" என்று இருக்கும், அது நம் கடை. அப்புறம் கப்பல், பெட்டி, கட்டில் ஆகியவற்றுக்கு மலாய்ச் சொல் கேட்கச் சொல்லுங்கள். காப்பால், பெத்தி, காத்தில். கண் விரியும் பாருங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரை போட்ட நடைபாதை இருக்கும், அஞ்சடி என்போம். வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் பாதை. ஆனால் வீட்டுக்கு வீடு தளத்தின் உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்குடை (சென்னை)
சுவர் ஓவியங்களை யாருமே சொல்லவில்லையே! அர்மீனியன் ஸ்திரீட்டில் உண்மையான சைக்கிளைச் சுவரில் பதித்து இரண்டு பிள்ளைகளை வரைந்திருப்பார்கள். அதில் படம் எடுக்காமல் வரலாமா? பத்து வயதுப் பிள்ளைக்குப் பழைய கட்டடங்களைவிட அதுதான் பிடிக்கும். நாங்கள் வரைபடம் வாங்கி ஒரே நாளில் எல்லாவற்றையும் தேடிப் பிடித்தோம்.

தஞ்சோங்காரி
சொல்லாம விட்டதுக்குக் காரணம் இருக்கு அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. 2012ல லித்துவேனியாக்காரர் எர்னெஸ்ட் சகரேவிச் வரைஞ்சப்போ எங்களுக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு. ஆனா எங்க பாட்டி இருந்த தெரு என்னாச்சுன்னு சொல்றேன். பழைய ஊரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்துச்சு. 1997ல ரத்து பண்ணி, 2000 ஜனவரியில வாடகை அவிழ்த்து விட்ட மாதிரி ஏறிடுச்சு. தையல்காரர், பொற்கொல்லர், சாம்பிராணி உருட்டுறவங்க, எங்க பாட்டி, எல்லாரும் வெளியேறினாங்க. யுனெஸ்கோ பேர் வந்ததும் காலியான வீடுகள் காப்பிக் கடையும் விடுதியுமா ஆச்சு. ஓவியம் வந்ததும் அந்தச் சுவருக்கு முன்னால வரிசை. வரிசையில நிக்கிறவங்க முதுகுக்குப் பின்னால ஒரு பெரியவர் இன்னும் பிரம்புக் கூடை பின்னிக்கிட்டிருப்பார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

மஞ்சள்குடை
உங்கள் பாட்டி கதை எனக்குத் தெரியாது, கேட்க வேதனையாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லணும். அந்த ஓவியம் இல்லாவிட்டால் நான் அந்தத் தெருவுக்கே போயிருக்க மாட்டேன். அங்கே ஓவியம் தேடிப் போய்த்தான் 120ஆம் எண் வீட்டைப் பார்த்தேன், சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்சென் 1910இல் தன் புரட்சிக்குத் திட்டம் போட்ட இடம். அன்று மதியம் வாங்கிய ஜாதிக்காய் ஊறுகாய் அந்தத் தெருக்காரரிடம்தான். வருகிறவர்களால் அங்கே யாரோ பிழைக்கிறார்கள் இல்லையா?

தஞ்சோங்காரி
பிழைக்கிறாங்க. அதை மறுக்க மாட்டேன் அக்கா. எங்க சித்தப்பா மகனே அங்கே பழச்சாறு விக்கிறான். காலையில எட்டு மணிக்கு முன்னால போங்கன்னு மட்டும் சொல்வேன். அப்போ வரிசையும் இருக்காது, தெருக்காரங்களும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க.

சீனக் குலத்தார் படகுத்துறைக்கும் இதே பேச்சுதான். கடலுக்கு மேல கால் நட்டுக் கட்டின மரவீடுகள், ஒவ்வொரு துறையும் ஒரு குலத்தாருடையது. சூ துறைதான் பெருசு. பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. ஆனா அது குடியிருப்பு. திறந்திருக்கிற கதவுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க, அவங்க சாமி மாடத்தைக் கேட்காம படம் எடுக்காதீங்க. பலகைப் பாதை முடிவுக்குப் போய் கடலைப் பார்த்து உட்கார்ந்துட்டு வாங்க.

பட்டர்வர்த்_தம்பி
பிள்ளைக்கு ஃபெரி! எங்க பட்டர்வர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவுல ஓடுற ஃபெரியை ஏன் யாரும் சொல்லல? வெல்ட் குவே துறையிலிருந்து ஏறுங்க, பெரியவங்களுக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). கால்மணி போல ஆகும். சாயங்காலம் ஆறரைக்கு ஏறினா திரும்பி வர்றப்போ கொடிமலைக்குப் பின்னால சூரியன் இறங்கும், ஊர் விளக்கு ஒவ்வொண்ணா ஏறும். பழைய மஞ்சள் ஃபெரி 2020 கடைசியோட போயிடுச்சு, புதுசு 2023ல வந்துச்சு. பழசு மாதிரி திறந்த காத்து இல்ல, ஆனா கடல் அதே கடல்தான். டச் அன் கோ பயண அட்டையில காசு போட்டு வெச்சுக்குங்க.

பழைய_வாத்தியார்
ஃபெரி என்றதும் ஒரு நினைவு. என் தந்தை 1952இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி முதலில் கண்ட மலாயா மண் பினாங்குதான். மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள். கப்பலிலிருந்து பார்த்தால் முதலில் மலை, அப்புறம்தான் ஊர் என்பார். கடலிலிருந்து ஒருமுறையாவது அந்த ஊரைப் பாருங்கள். தம்பி சொன்னது சரியான யோசனை.

வைகைக்கரை
அம்மாவிடம் ரஜூலா என்று படித்துக் காட்டினேன். அவர் அத்தை வீட்டுக்காரரும் அந்தக் கப்பலில்தான் போனாராம், இத்தனை வருடத்தில் எனக்கு இன்றுதான் தெரிகிறது.

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். 30 காலை கொடிமலை, வழியில் கேக் லோக் சி, மாலை ஓய்வு. 31 முழுக்க ரதம். பிப்ரவரி 1 அம்மா அறையில், நான் மட்டும் விடியலில் தண்ணீர்மலை போய்க் காவடி பார்த்து வருவேன், மாலை ஃபெரி. 2ஆம் தேதி வாத்தியார் ஐயாவின் நடை. நீல மாளிகையை எங்காவது நுழைக்கலாமா?

சோற்றுக்கட்சி
2ஆம் தேதி நடை முடித்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அதற்குள் போய்விடுங்கள். சியோங் ஃபாட் சே மாளிகை: 38 அறை, 5 முற்றம், 220 சன்னல். சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர். வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள், நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குலமண்டபம் ஒன்று பார்க்க வேண்டும் என்றால் கூ கொங்சி. 1901இல் தீப்பிடித்தபோது, அரண்மனையை மிஞ்சிக் கட்டியதால் தெய்வக் குற்றம் என்று நம்பி, 1906இல் அளவைக் குறைத்துக் கட்டினார்களாம். குறைத்துக் கட்டியதே அந்தச் செதுக்கு வேலை!

தஞ்சோங்காரி
அண்ணா, இங்கே ஏழு மணிக்கு மேலதான் விடியும். மதுரை நேரத்துக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்காதீங்க. எழுந்து பசியாறிட்டு ஏழரைக்குக் கிளம்பினா பத்தரை வரைக்கும் நல்லா நடக்கலாம். பிறகு சாயங்காலம் அஞ்சுக்கு மேல. ஜனவரி, பிப்ரவரியில மழை குறைவு, வெயில் கூட.

வைகைக்கரை (பிப்ரவரி 6)
வந்து சேர்ந்தோம். திட்டத்தில் பாதிதான் நடந்தது, அதுவே நன்றாக இருந்தது.

கேக் லோக் சி போகவில்லை. கொடிமலையில் அம்மா முருகன் கோவில் வாசலில் உட்கார்ந்தவர் இரண்டு மணிநேரம் எழுந்திருக்கவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை. நீல மாளிகைக்கும் நேரமில்லை.

31ஆம் தேதி விடியும் முன்பே நாற்காலியோடு பினாங்கு ஸ்திரீட் முனையில் இடம் பிடித்தோம். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம், சாலை ஓரத்தில் அவர்கள் அடுக்கி வைத்திருந்த தேங்காய் என் இடுப்பு உயரம். ரதம் நெருங்கியதும் அந்த வீட்டுப் பாட்டி ஒரு தேங்காயை எடுத்து அம்மா கையில் வைத்து, உடைக்கும்படி சைகை காட்டினார். அம்மாவுக்கு ஓங்க வலு இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து பிடித்துப் போட்டார்கள். உடைந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது, அரைமணி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாகூர் தர்காவில் நின்றோம், ஐயா. உங்களைச் சொல்லி நின்றோம்.

மகளுக்கு ஃபெரிதான். பட்டர்வர்த்தில் இறங்கியதும் மறுபடி ஏறணும் என்றாள், இரண்டு நடை போய் வந்தோம். ஓவியச் சைக்கிளில் படமும் எடுத்தாள், காலை ஏழேமுக்காலுக்கு. கூடை பின்னுகிறவரிடம் சின்னதாக ஒன்று வாங்கினோம்.

சௌராஸ்தா சந்தையில் வாங்கிய ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு டப்பா பிரித்தாயிற்று. வெளியே வைத்தால் கெட்டுப்போகுமா?

தஞ்சோங்காரி
சர்க்கரையில காய வெச்சதுன்னா வெளியே இருக்கலாம் அண்ணா, மூடி இறுக்கமா இருக்கணும். தண்ணியா இருக்கிறதுன்னா குளிர்பெட்டியில வைங்க, ஈரக் கரண்டி போடாதீங்க. அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு கொடுங்க, வயித்துக்கு நல்லதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க.